குறையைச் சொல்லும்போது குலத்தை ஏன் சொல்கிறோம்?



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது நாங்கள் கேட்கிற பேச்சில் பாதி குறைகள்தான். ரேஷன் கடையில் எடை குறைகிறது, மினி பஸ் நிற்காமல் போகிறது, டிராக்டர்காரர் ஆழமாக உழவில்லை, மோட்டாருக்குக் காயில் கட்டியது பத்து நாள் தாங்கவில்லை என்று பலதும் வரும். குறை சொல்வது தப்பில்லை. காசு கொடுத்தவருக்கு அது உரிமை. முன்பு வாய் திறக்காமல் இருந்த நம் பெண்கள் இன்று எழுந்து நின்று குறை சொல்கிறார்கள் என்றால் அது சங்கத்தால் வந்த தைரியம்.

ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொரு சொல்லும் வந்து விழுகிறது. "கடையில நிக்கிறது இன்ன ஆளுக. பின்ன எப்படி இருக்கும்?" "காயில் கட்டுனது அந்தத் தெருக்காரன்தான, அதான் இப்படி." ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "நான் தப்பா ஒண்ணும் சொல்லலக்கா, ஆள் யாருன்னு அடையாளத்துக்குச் சொன்னேன்" என்று பதில் வரும்.

மோசமான வேலையைப் பற்றிப் பேசும்போது, செய்தவரின் சாதியையும் சேர்த்துச் சொன்னால் அது சாதி பார்ப்பது ஆகுமா? இதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

சாதியை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் சொன்ன குறையிலிருந்து சாதியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி சொல்லிப் பாருங்கள். "காயில் கட்டியது பத்து நாளில் எரிந்துபோனது." குறை முழுசாக நிற்கிறது அல்லவா? அப்படியானால் சாதிக்கு அங்கே வேலையே இல்லை. வேலையில்லாத சொல்லைக் கொண்டுவந்து வைத்தால், கேட்கிறவர் மனதில் அது வேறு வேலை செய்யும். "அந்த ஆளுகளே இப்படித்தான்" என்று ஒரு தெருவையே அது குற்றவாளி ஆக்கிவிடும்.

சாதியை எடுத்ததும் குறையே மறைந்துபோகிறதா? அப்படியானால் ஆரம்பத்திலிருந்தே வேலையில் குறை இல்லை. நம் மனதில்தான் ஏதோ இருந்திருக்கிறது.

"அவர் அந்தச் சாதிதான, உண்மையத்தான சொன்னேன்" என்பார்கள். உண்மைதான். அவர் உயரமானவர் என்பதும், வெற்றிலை போடுகிறவர் என்பதும்கூட உண்மைதான். அதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் எடுத்தோம் என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஆள் ஒருவர் ஏமாற்றினால் அவர் பேரைச் சொல்லித் திட்டுகிறோம். வேறு தெரு ஆள் ஏமாற்றினால் தெருவையே சொல்லித் திட்டுகிறோம். பாராட்டும்போதும் இதே கதைதான். "அந்த ஆளா இருந்தாலும் நல்லா தச்சிருக்கா" என்றால் அது பாராட்டு ஆகாது. அவரிடம் நல்ல வேலையை எதிர்பார்க்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது.

நம்மை அப்படிச் சொன்னபோது

இது எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியாதது இல்லை. வங்கியில் சின்னக் கூட்டல் பிழை வந்தால், "பொம்பளைங்க எழுதுன கணக்குதான" என்று சிரித்தவர்கள் உண்டு. ஆண் எழுதிய கணக்கில் பிழை வந்தால் "ஆம்பளை எழுதுன கணக்கு" என்று யாரும் சொல்வதில்லை. பிழை செய்தது ஒரு சகோதரி, பட்டம் கிடைத்தது அத்தனை பெண்களுக்கும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்கள் பம்பாய் தாராவியில் நிறையப் பேர். 1966இல் அங்கே சிவசேனா தொடங்கியபோது தென்னாட்டுக்காரர்களுக்கு எதிராகத்தான் முதலில் கிளம்பியது. தமிழனோ மலையாளியோ, எல்லோருக்கும் 'மதராசி' என்று ஒரே பட்டம். இன்று நம் பக்கத்து ஓட்டல்களில் வடமாநிலப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். தோசை கருகினால் "இந்திக்காரன் சுட்டா இப்படித்தான்" என்கிறோம். அன்று பம்பாயில் நம்மவர்கள் கேட்டதைத்தான் இன்று அந்தப் பிள்ளை கேட்கிறான். தோசை கருகியது அடுப்புச் சூட்டால். பீகாரில் பிறந்ததால் அல்ல.

உசிலம்பட்டியில் நடந்தது

இது வெறும் பேச்சுத்தானே என்று விட்டுவிட முடியாது. நம் பக்கத்திலேயே நடந்ததைப் பாருங்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமங்களில் இதற்குச் சமைக்கிறவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். திட்டம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில் (மதுரைப் பக்கத்து ஊர் அல்ல, இது நம் தூத்துக்குடி மாவட்டத்து ஊர்), பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு சகோதரி சமைத்தார் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்ததாகச் செய்தி வந்தது. அந்தச் செப்டம்பரிலேயே எம்.பி. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அதிகாரிகளும் பள்ளிக்குப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது அதே எட்டயபுரத்தில்தான் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்த ஊர்ப் பக்கத்திலேயே, சமைத்த கையைப் பார்த்துச் சோறு வேண்டாம் என்றால் எப்படி?

திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் 2018 ஜூலையிலும் இப்படி நடந்தது. பட்டியல் சாதிச் சத்துணவுப் பணியாளர் ஒருவர் சமைக்கக் கூடாது என்று சிலர் பள்ளியில் வந்து தகராறு செய்தார்கள். முதலில் அவரைத்தான் இடமாற்றினார்கள். எதிர்ப்பு வந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அந்த வழக்கில் 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு வர 7 ஆண்டுக்கு மேல் ஆனது.

இப்படிப்பட்ட இடங்களில் "சாதி இல்ல, சமையல் சரியில்ல" என்றோ, "இது சொந்த மனத்தாங்கல்" என்றோ சொல்வதும் வழக்கம். உண்மை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாப்பிட்டுப் பார்த்து "உப்பு கூடிப்போச்சு" என்றால் அது குறை. அதைச் சமைத்தவரிடம் தாராளமாகச் சொல்லலாம். யார் சமைத்தாலும் சொல்லலாம். பட்டியல் சாதிச் சகோதரி சமைத்தார் என்பதற்காக அவரைக் குறை சொல்லவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாயில் வைக்காமலே வேண்டாம் என்றால் அது உப்பைப் பற்றிய பேச்சு அல்ல. உப்பு கூடினால் நாளைக்குக் குறைத்துப் போடலாம். பிறப்பை எப்படிக் குறைப்பது?

பஸ்ஸின் பெயர்

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கவர்னகிரியில் பிறந்து கட்டபொம்மனோடு நின்று வெள்ளையனை எதிர்த்தவர் அவர். அவருடைய சாதியை நினைத்து, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்து உயிர்களும் போயின. கடைசியில் அந்த ஆண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. அப்போதுதான் நம் சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. பஸ் நேரத்துக்கு வந்ததா, டயர் நன்றாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பெயரைத்தான் பார்த்தார்கள்.

சாதியைச் சொல்லியே ஆக வேண்டிய இடம்

அப்படியானால் சாதி என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாதா? அப்படி இல்லை. டீக்கடையில் ஒரு தெருக்காரர்களுக்கு மட்டும் தனிக் கிளாஸ். குழாயடியில் ஒருவரை மட்டும் கடைசியில் நிற்கச் சொல்கிறார்கள். இங்கே நடந்த தப்பே சாதிதான். எங்கள் சாதியைப் பார்த்து இப்படிச் செய்தார்கள் என்று சொன்னால் அது சாதி பார்ப்பது ஆகாது, சாதி பார்த்தவரைக் காட்டிக் கொடுப்பது. முன்பு சொன்ன சோதனை இங்கேயும் சரியாக வரும். சாதியை எடுத்துவிட்டால் இந்தப் புகாருக்கு அர்த்தமே இருக்காது. ஆகவே அதைச் சொல்லத்தான் வேண்டும். போலீசில் புகார் எழுதும்போதும் இரு தரப்புச் சாதியையும் எழுத வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அப்பிரிவுகளைச் சேராதவர் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. வெளியாள் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் பேசியது அந்தப் பிரிவில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நம் குழுக் கூட்டம் நடக்கும் சாவடியும் சமுதாயக் கூடமும் நாலு பேர் பார்க்கிற இடங்கள்தான். வன்கொடுமை நடந்தால் 14566 என்ற இலவச உதவி எண்ணுக்குப் பேசலாம்.

சட்டத்துக்குத் தப்பினால் மட்டும் போதாது. வீட்டுக்குள் நாம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதே பேச்சுத்தான் பள்ளிக்கூடத்தில் தட்டைத் தள்ளி வைக்கச் சொல்கிறது.

குறையை எப்படிச் சொல்வது?

1. என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்: "20 கிலோ அரிசியில் ஒரு கிலோ குறைந்தது."
2. தேதி, நேரம், கடை எண், பஸ் எண் சொல்லுங்கள். ரசீது இருந்தால் காட்டுங்கள்.
3. ஆளை அடையாளம் சொல்ல வேண்டும் என்றால் பெயரும் செய்கிற வேலையும் போதும்.
4. என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்: குறைந்த அரிசி, மறு உழவு, கொடுத்த காசு.
5. தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போதும் இதே மாதிரி எழுதுங்கள். சாதி சேர்ந்த புகாரைப் படிக்கும் அதிகாரி, "இது ஊர்ச் சண்டை" என்று ஓரமாக வைத்துவிடுவார். எடை குறைந்த அரிசி குறைந்தபடியே இருக்கும்.

நம் குழுக்கள் பலவற்றில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து சேமிக்கிறோம். ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு ஏற்கிறோம். யாரோ ஒரு கடைக்காரரைத் திட்ட நாம் வீசிய சாதிச் சொல், அதே பாயில் உட்கார்ந்திருக்கும் சகோதரியின் மேலும் விழும். அவர் அன்று எதுவும் சொல்ல மாட்டார். அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடலாம்.

குழுவில் பேசிப் பார்க்க:

• போன மாதம் நாம் சொன்ன குறைகளில் எதிலெல்லாம் சாதி, தெரு, ஊர், ஆண் பெண் பேச்சு வந்தது? அதை எடுத்துவிட்டால் குறை நிற்கிறதா?

• நம் பள்ளியில் காலை உணவு சமைக்கும் சகோதரிக்கு இப்படி ஒரு பிரச்சினை வந்தால், நம் குழு முதல் நாளே என்ன செய்யும்?

பேசி எடுத்த முடிவைத் தீர்மானமாக எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.