ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விடப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க!

"சென்னைக்குள்ள வாங்க முடியாது சார். செம்பரம்பாக்கம், ஒரகடம் பக்கம் ஒண்ணு வாங்கிப் போடுங்க. கம்பெனி ஆளுங்க தர்ற வாடகையிலேயே இ.எம்.ஐ. ஓடிடும்." தரகர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான். உண்மையிலேயே ஓடுமா?

மறுவிற்பனைக்கு வரும் ஒரு வீடு, விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. பத்திரத்துக்கே 4.5 லட்சம் போய்விடும். 40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். வாடகை 13,000 வந்தால்கூட மாசாமாசம் 21,700 ரூபாய் நம்ம பாக்கெட்டில் இருந்துதான் போகணும். வீடு காலியாக இருக்கும் மாதங்களை இதில் சேர்க்கவே இல்லை.

குடிவர ஆள் இருக்காங்களா?

இருக்காங்க. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். ஆனால் இளம் தொழிலாளர்களில் பலர் தனி வீடு எடுப்பதில்லை. நாலைந்து பேர் அறையைப் பகிர்கிறார்கள், அல்லது விடுதியில் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் பாதிக்கப்பட, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினர். விடுதிகளின் நிலை அப்போதுதான் வெளியே பேசப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. தரகர் கைகாட்டும் வாடகைதாரர் நாளை அங்கே போய்விடலாம். அதனால் குடும்பத்தோடு வரும் நிரந்தர ஊழியர்களை நம்பி வாங்குவதே ஓரளவு பாதுகாப்பு.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?

பத்து மாச அட்வான்ஸ் என்பது பழைய சென்னை வழக்கம். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வீட்டுக்கு மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். மாடியில் பெண்கள் விடுதி நடத்தும் யோசனை இருந்தால், 2014-ம் ஆண்டு விடுதிச் சட்டத்தின்கீழ் தனியாக உரிமம் தேவை.

தண்ணீர் வருமா?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட, அடையாற்றின் கரையோரம் மூழ்கியது. பட்டா, வில்லங்கச் சான்று, மனை அங்கீகாரம் மூன்றையும் பார்த்த பிறகும், கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கா என்று கேட்டுவிடுங்கள். மே மாதத்தில் எல்லா மனையும் காய்ந்துதான் கிடக்கும். நவம்பர் மழையில் ஒருமுறை போய்ப் பாருங்க. 2015-ல் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெருமுனை டீக்கடையில் விசாரிங்க.