பத்து வாரத்தில் விடைபெறும் அக்கா

மே மாதம் பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்ததும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "லீவுல என்ன செய்யப் போற?" வங்கி, தொழில்நுட்ப நிறுவனம் என்று பதில் வந்தால் அம்மா அப்பாவுக்கு நிம்மதி. சமூக அமைப்பு ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் உள்ளகப் பயிற்சி என்றால், "சம்பளம் உண்டா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

வானொலியில் இளையர்களுடன் பேசும்போது இதை அடிக்கடிக் கேட்கிறேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. ஆனால், அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆகஸ்டில் உங்கள் மகள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிடுவார். அவரிடம் வாசிக்கக் கற்ற சிறுவனுக்கு அதன் பிறகு என்ன ஆகும்?

சேவையும் கல்வியும்

பழைய துணிமணிகளைத் திரட்டுவதும் கடற்கரையைச் சுத்தம் செய்வதும் தொண்டூழியம். சேவைவழிக் கற்றல் அதிலிருந்து சற்று மாறுபட்டது. செய்யும் சேவையையே பாடமாக எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று யோசித்து, எழுதி, விவாதிக்க வேண்டும். இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் ராபர்ட் சிக்மன் 1979ல் சில கொள்கைகளை வகுத்தார். சேவை பெறுபவரே அந்தச் சேவையை வழிநடத்த வேண்டும், அதன் மூலம் அவர் தன் காலில் நிற்கும் ஆற்றல் வளர வேண்டும், சேவை செய்பவரும் ஒரு மாணவரே என்பது அவற்றின் சாரம்.

சிங்கப்பூரில் இதற்கான வாய்ப்புகள் ஏராளம். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற 80 மணி நேரச் சமூக சேவையும் 10 வார உள்ளகப் பயிற்சியும் தேவை. தேசியப் பல்கலைக்கழகத்தின் 'டீச் சிங்கப்பூர்' பாடத்தில் மாணவர்கள் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறார்கள். நம் சமூகத்தில் 1991ல் தொடங்கப்பட்ட சிண்டா துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது. அதன் 'புரோஜெக்ட் ரீட்' திட்டத்தில் தொண்டூழியர்கள் வீட்டுக்கே சென்று சிறு பிள்ளைகளுக்கு வாசிக்க உதவுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பத்து வாரப் பயிற்சியில் ஒரு பிள்ளையை வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்து மணி நேரம். நடுவில் ஜூன் பள்ளி விடுமுறை நான்கு வாரம் வரும். பிள்ளை ஜோகூருக்கோ ஊருக்கோ போய்விட்டால் இரண்டு வாரம் கழியும். முதல் இரண்டு சந்திப்புகள் கூச்சம் தெளியவே சரியாக இருக்கும். மிஞ்சுவது ஆறு.

பிள்ளை பழகி, "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்கத் தொடங்கும் நேரத்தில் பயிற்சி முடிந்துவிடுகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் வழிகாட்டி ஒருவருடன் இணைக்கப்பட்ட பதின்ம வயதினரை ஆராய்ந்து, 2002ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் ஆக அதிகப் பலன் தெரிந்தது. மிகக் குறுகிய காலத்தில் உறவு முறிந்தவர்களோ சில அம்சங்களில் முன்பைவிடப் பின்தங்கினார்கள். அது விடுமுறைப் பயிற்சியைப் பற்றிய ஆய்வன்று என்றாலும், அதன் எச்சரிக்கையை நாம் ஒதுக்கிவிட முடியாது.

என் வேலையிலும் இதைப் பார்க்கிறேன். தினமும் காலையில் கேட்கும் குரல் திடீரென்று மாறினால், உடம்பு சரியில்லையா, வேலையை விட்டுவிட்டாரா என்று நேயர்கள் அழைத்துக் கேட்டுவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை கேட்காது. தனக்குப் படிப்பு வராததால்தான் அக்கா வரவில்லை என்று அதுவாகவே நினைத்துக்கொள்ளக்கூடும்.

அப்படியானால் போகக் கூடாதா?

போக வேண்டும். ஆனால், முடிவை மனத்தில் வைத்துத் தொடங்க வேண்டும்.

முதல் நாளே கடைசி நாளைச் சொல்லிவிடுங்கள். நாட்காட்டியில் பிள்ளையையே வட்டமிடச் செய்யுங்கள். எதிர்பார்த்த பிரிவு பிள்ளையை அவ்வளவாக உலுக்காது.

இலக்கு சிறியதாக இருக்கட்டும். "ஆங்கிலத்தில் தேற வேண்டும்" என்பது பத்து மணி நேரத்துக்கு அடங்காது. ஒரு கதைப் புத்தகத்தை முழுதாக வாசித்து முடிப்பது அடங்கும். பக்கத்து நூலகத்தில் பிள்ளை தானே புத்தகம் தேடி இரவல் பெறக் கற்றுக்கொண்டால், நீங்கள் போன பிறகும் அது தொடரும்.

ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். எந்தச் சொல்லில் தடுக்கிறது, எந்தக் கதைக்குச் சிரித்தது, எத்தனை நிமிடத்தில் களைத்துப்போகிறது என்று எழுதுங்கள். அடுத்து வரும் தொண்டூழியருக்கு அது பெரிய உதவி. உங்கள் பல்கலைக்கழக அறிக்கைக்கும் அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

வீட்டில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகளில் பிள்ளையுடன் இருப்பது பாட்டிதான். பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், ஆங்கிலத்தில் வாசித்த கதையைத் தமிழில் தனக்குச் சொல்லும்படி பேரனிடம் கேட்க அவரால் முடியும். கதை புரிந்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும், தமிழும் புழங்கும். இதைப் பாட்டியிடம் உட்கார்ந்து விளக்க, தமிழ் பேசும் மாணவர் வேண்டும். பரீட்சைக்குப் படித்த தமிழ் அங்கே வேலைக்கு உதவுகிறது.

விண்ணப்பிக்கும் முன்பு

எந்த அமைப்பாக இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். தொடங்கும் முன் எனக்குப் பயிற்சி தருவீர்களா? சந்தேகம் வந்தால் யாரிடம் பேசலாம்? நான் போன பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் தரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பதில் இல்லையென்றால், பயிற்சி முடிந்தும் மாதம் ஒருமுறையாவது வர முடியுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பின்னம் புரியாமல் விழிக்கும் தொடக்கநிலை 3 மாணவனுக்கு அதை நான்கு விதமாக விளக்கிப் பார்த்தவருக்குப் பொறுமையும் தெளிவான பேச்சும் வந்துவிடும். எந்த அலுவலகத்திலும் அவற்றுக்கு மதிப்புண்டு. இந்த மே மாதம் உங்கள் பிள்ளை அப்படி ஓர் இடத்துக்குப் போக விரும்பினால், சம்பளத்தைக் கேட்ட கையோடு அந்த மூன்றாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.