மூச்சும் அழுத்தமும்: பழைய ஜீப் என்ஜினுக்குப் பலம் கூட்டுவது எப்படி?

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதை, எந்த என்ஜினின் உண்மையான பலத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வில்லிஸ் ஜீப்பைத் தேடி வாங்கி ஓட்டத்துக்குக் கொண்டுவரும் புதியவர்கள் மெக்கானிக்கிடம் கேட்பது ஒன்றைத்தான்: “பவரை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா அண்ணாச்சி?” முடியும். ஆனால், அதிலுள்ள சைடு வால்வு என்ஜினில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். அந்தக் கணக்கு தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

இன்றைய என்ஜின்களில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, ஹெட்டில் இருக்கின்றன. சைடு வால்வு என்ஜினிலோ அவை சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கும். மேலே மூடியாக ஒரு தட்டையான ஹெட் மட்டும்தான். அதனால்தான் இதற்கு ஃபிளாட்ஹெட் என்று பெயர். ராக்கர் கிடையாது, புஷ்ராடு கிடையாது. செய்வதும் மலிவு, பிரிப்பதும் சுலபம். 1932-இல் வந்த ஃபோர்டு வி-8, நம் சாலைகளில் ஓடிய இந்துஸ்தான் லேண்ட்மாஸ்டர் எல்லாம் இந்த இனமே.

சிக்கல் அதன் மூச்சில் இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை வால்வு வழியாக மேலே எழும்பி, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி கீழே இறங்கித்தான் சிலிண்டருக்குள் போக முடியும். ஹெட்டை மெஷினில் சீவித் தாழ்த்தினால், பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அழுத்த விகிதம் கூடும், ஆனால் கலவை போகும் வழி குறுகிவிடும். வழியை அகலமாக்கினால் அழுத்தம் குறையும். போதாக்குறைக்கு, தீ பக்கவாட்டில் நெடுந்தூரம் பரவ வேண்டும். அது எட்டுவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்தால், அதுதான் நாக்கிங். 1919-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ இதற்கு ஒரு வழி கண்டார். பிஸ்டனுக்கு மேலே ஹெட்டை நெருக்கமாக இறக்கி, எரியும் அறையை வால்வுகளின் பக்கம் ஒதுக்கினார். பிஸ்டன் ஏறும்போது பிதுங்கும் கலவை சுழன்று கொந்தளிக்க, தீ வேகமாகப் பரவியது.

அழுத்தம் எவ்வளவு கூடலாம் என்பதைத் தீர்மானிப்பது எரிபொருள். திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது கரியை வாயுவாக்கி அதில் வண்டியை ஓட்ட உதவும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. அந்த வாயுவில் ஏறக்குறைய பாதி, எரியாத நைட்ரஜன். அதனால் பலம் வெகுவாகக் குறையும். ஆனால் அந்த வாயுவில் எளிதில் நாக்கிங் வராது. அழுத்தத்தைக் கூட்டினால் இழந்த பலத்தில் ஒரு பகுதியை மீட்கலாம். பெட்ரோலுக்கென்று குறைந்த அழுத்தத்தில் அமைந்த என்ஜின்களை அப்படியே ஓட்டினால் அந்த வாய்ப்பு இல்லை.

இனி ஜீப்புக்கு வருவோம். 1938-இல் வில்லிஸ் நிறுவனத்தில் சேர்ந்த பார்னி ரூஸ், அங்கிருந்த 48 குதிரைத்திறன் என்ஜினை 60 ஆக உயர்த்தினார். உறுதியான உலோகம், நுணுக்கமான அளவுகள் என அடிப்படைகளைச் சரிசெய்தே இதைச் சாதித்தார். 1947-இல் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த உயரமான பானெட் ஜீப்பில் அதே 2.2 லிட்டர் அளவில் 72 குதிரைத்திறன் கிடைத்தது. காரணம், உள்ளிழுக்கும் வால்வு மட்டும் ஹெட்டுக்கு இடம் மாறியது. என்ஜின் உயர்ந்ததால் பானெட்டும் உயர்ந்தது.

பழைய 60 குதிரைத்திறன் என்ஜினில் புதியவர் என்ன செய்யலாம்? முதலில் அளக்க வேண்டும். கொள்ளளவு 2,199 சி.சி. என்பதால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 550 சி.சி. அழுத்த விகிதம் 6.48 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 100 சி.சி. அதை 92 ஆக்கினால் விகிதம் 7 ஆகும். பள்ளி ஆய்வகத்தில் பயன்படும் ப்யூரெட்டில் எண்ணெய் நிரப்பி, நான்கு சிலிண்டரையும் தனித்தனியே அளக்கலாம். சீவிய ஹெட்டில் வால்வு முட்டுகிறதா என்று பார்க்க, வால்வின் மேல் களிமண்ணை ஒட்டி ஹெட்டைப் பூட்டி, கிராங்க்கைக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றினால் இடைவெளி தெரிந்துவிடும். வால்வுகளை லேப்பிங் பேஸ்ட் போட்டு இருக்கையோடு பொருந்த அரைப்பதும், டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து வைப்பதும் பெரிய செலவில்லாத வேலைகள். சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் ரீபோரையும் ஹெட் சீவுவதையும் நல்ல லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

அடுத்த எதிரி சூடு. புகை வெளியேறும் வழி பிளாக்குக்குள்ளேயே போவதால், அந்தச் சூட்டைக் குளிர்நீர்தான் சுமக்க வேண்டும். உப்பு மிகுந்த போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே படலம் கட்டும், கத்திரி வெயிலில் என்ஜின் கொதிக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே சரி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் என்பது நமக்குச் சாதகம். ஆனால் பழைய ரப்பர் டியூப்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் அது கெடுக்கும், அவற்றை மாற்றியே ஆக வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் எரிபொருளின் பங்கு போதாமல் போகும். கார்புரேட்டர் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

இரட்டைக் கார்புரேட்டரும் பளபளக்கும் ஹெட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் என்ஜினுக்கு 7-க்கு 1 போதும். மிச்சப் பணத்தை ரேடியேட்டருக்கும் சரியான மெஷின் வேலைக்கும் செலவழியுங்கள். ரூஸ் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.