செம்பும் சிற்றிறாலும்

சிற்றுயிரிலும் தாய்மையின் பெருமையைக் காணலாம். ஹற்றனில் என் இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் ஓரங்குலச் செவ்விறால்களை வளர்த்து வருகின்றேன். தாயிறால் முட்டைகளை வயிற்றின்கீழ்ச் சுமந்து, நீந்து கால்களால் ஓயாது விசிறி, மூன்று நான்கு வாரங்கள் காக்கின்றது. அவ்விசிறலால் அன்றோ முட்டைகளுக்குப் புதுநீரும் உயிர்வளியும் கிடைக்கின்றன! பொரிந்து வருபவை தாயின் சிற்றுருவங்களே. வடிகருவி அவற்றை உறிஞ்சிவிடாதபடி அதன் வாயைப் பஞ்சால் மூடுதல் வேண்டும். தொட்டியில் படரும் பாசியே அவற்றிற்குப் பால்.

இவற்றின் பெரும்பகை செம்பு. இறாலின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும் செம்பே. எனினும் நீரில் சிறிது மிகுந்தாலும் அதுவே நஞ்சாகின்றது. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் பற்றிய பின்னர், செம்பு கலந்த மருந்துகள் நம் மலைச்சரிவுகளில் தெளிக்கப்பட்டன. ஆதலின் கொழுந்து மலையின்கீழ் விழும் பீலித் தண்ணீரை நான் தொட்டியில் ஊற்றுவதில்லை. தேயிலைக்கு மேலேயுள்ள காட்டு ஊற்றின் நீரையே கொணர்கின்றேன்.

நம் மலைநாட்டுக்கே உரிய இறாலும் ஒன்றுண்டு. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வாழும் அதனை 1894இல் ஓர்ட்மன் என்னும் அறிஞர் அறிவியல் உலகிற்கு அறிமுகஞ் செய்தார். தூண்டில் விளையாட்டுக்காக ஆங்கிலேயர் கொணர்ந்துவிட்ட டிரவுட் மீன்களால் அதன் வாழ்வுக்கு இன்று அச்சம் நேர்ந்துள்ளது. அதனைப் பிடித்துத் தொட்டியில் இடுதல் காப்பாகாது. தொட்டி நீருக்கு நாம் காட்டும் கவலையை ஓடை நீருக்கும் காட்டுதலே காப்பாகும்.