1603-இல் நம் மலைக்கு வந்த விருந்தாளி

பயணம் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது! அன்று நெடுந்தொலைவு சென்றவர்கள் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார்கள். அதனால்தான் பழைய நாடுகளையும் நகரங்களையும் பற்றி இன்று நாம் படித்து அறிகிறோம்.

ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிபுரத்திற்கு வந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக் கடற்கரையில் முத்துக் குளிப்பதை வருணித்தார். பதினான்காம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டு இபின் பதூதா மதுரையைக் கண்டார். இவர்கள் கண்டது கடற்கரையையும் சமவெளியையுமே. நம் நீலகிரியின் மேல் ஏறி, இங்கு வாழும் மக்களைப் பற்றி முதலில் எழுதிய ஐரோப்பியர் ஒரு குருவானவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் ஜாக்கோமே பினிசியோ அடிகளார். இத்தாலி நாட்டவர், சேசு சபையைச் சேர்ந்தவர், கள்ளிக்கோட்டையில் பணியாற்றியவர். அந்நாளில் கேரளக் கிறிஸ்தவரிடையே ஒரு செய்தி உலவியது. தோடமலை என்னும் உயர்ந்த மலையில் ஒரு கூட்டத்தார் வாழ்கின்றனர். அவர்கள் புனித தோமையாரின் வழிவந்த கிறிஸ்தவர்கள். காலப்போக்கில் வேதத்தை மறந்து போனார்கள் என்பதே அச்செய்தி. ஐரோப்பாவிலும் இத்தகைய நம்பிக்கை புதிதன்று. கீழ்த்திசையில் எங்கோ ஒரு கிறிஸ்தவ அரசர் ஆளுகிறார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டு முதலே அங்கு பேசி வந்தார்கள். பயணிகள் பலர் அவரைத் தேடி அலைந்தார்கள்.

1603ஆம் ஆண்டில் பினிசியோ அடிகளார் புறப்பட்டார். மன்னார்க்காட்டைக் கடந்து, காடும் மேடுமான வழியில் நடந்து, மலையின் தென்மேற்குப் பக்கமாக ஏறினார். நம் அவலாஞ்சியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்று இங்கு ஏரியும் இல்லை, தேயிலையும் இல்லை. புல்வெளியும் சோலைக்காடும் எருமை மந்தைகளுமே இருந்தன. அடிகளார் படகர் ஊரில் தங்கினார். பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் பரிசளித்தார். பிறகு தோடர்களைச் சந்தித்தார். அவர்களுடைய பால்மடத்துப் பூசாரியிடமும் பேசினார். அவர்கள் எருமைகளைப் புனிதமாகப் போற்றுவதையும், எருமைக்குரிய மணிக்கு மரியாதை செய்வதையும் அறிந்துகொண்டார்.

தேடி வந்த கிறிஸ்தவர்கள் அங்கு இல்லை! இத்தனை தூரம் நடந்து வந்தவருக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! சிலுவை போன்ற அடையாளம் ஒன்றைக் கண்டதாகச் சேர்த்து எழுதியிருந்தால் மறுத்துச் சொல்ல ஆள் ஏது? ஆனால் அவர் அவ்வாறு செய்யவில்லை. இவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்றே தம் மேலாளருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தில் 1603 ஏப்ரல் 1 என்று தேதியிட்டுள்ளது. பல காலம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்த அது, 1906-இல் ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தோடர்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் மொழிபெயர்ப்பாக வெளிவந்தது.

இதனோடு மார்க்கோ போலோவை ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்தமான் தீவினருக்கு நாயின் தலை போன்ற தலை உண்டு என்று அவர் நூல் கூறுகிறது. நேரில் காணாமல், யாரோ சொல்லக் கேட்டதை அப்படியே எழுதிவிட்டார் என்பது அறிஞர் கருத்து. பயண நூல்களில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. பிரித்துப் பார்ப்பது படிப்பவர் கடமை. பினிசியோ அடிகளாரும் எல்லாவற்றையும் அறிந்துவிடவில்லை. சில நாள்களே இங்கு தங்கினார். தோடரின் மொழியோ அவருக்குப் புதிது. அவரைப் பற்றித் தோடர் என்ன நினைத்தனர் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் மொழிக்கு எழுத்து இல்லை. பாட்டே அவர்களுடைய ஏடு.

இதை எழுதும்போது சென்ற ஆண்டு நடந்த ஒன்று எங்கள் நெஞ்சைக் குத்துகிறது. அவலாஞ்சிக்குச் சுற்றுலா போய், டிரவுட் மீன் பண்ணையையும் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழியில் ஒரு தோடர் மந்து. அங்கே அரைப் பீப்பாய் வடிவத்தில் பழைய வீடு ஒன்று இருந்தது. "எலி வளை மாதிரி வாசல்!" என்று சிரித்துக்கொண்டே குனிந்து எட்டிப் பார்த்தோம். பூப்பின்னிய வெள்ளைப் போர்வை போர்த்திய பாட்டி ஒருவர் மெல்ல வந்தார். "உள்ளே ஆள் இருக்குது கண்ணு. கேட்டுட்டுப் பாருங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கோ முகம் வாடிவிட்டது. அந்த வாசல் ஏன் அத்தனை சிறியது என்று அவரைக் கேட்கவும் துணிவில்லாமல் பேருந்தில் ஏறிவிட்டோம். குளிரும் காற்றும் புகாதிருக்கவே அப்படி அமைத்தார்கள் என்பதைப் பின்னர் நூலகத்தில்தான் படித்தோம். அன்றே கேட்டிருந்தால் பாட்டியே சொல்லியிருப்பார்!

கோடைதோறும் உதகைக்கு ஆயிரமாயிரம் பேர் வருகிறார்கள். அவர்கள் நம்மைப் பற்றி ஒரே நாளில் முடிவுகட்டினால் நமக்குச் சினம் வருகிறது. ஒரு மணி நேரத்தில் நாங்கள் செய்ததும் அதுதானே! நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்த அந்த விருந்தாளியிடம் நாங்கள் கற்றது இது: எதிர்பார்த்ததை எழுதாமல் கண்டதை எழுத வேண்டும். பாட்டியிடம் கற்றது இன்னொன்று: எட்டிப் பார்க்குமுன் கேட்க வேண்டும். அடுத்த சுற்றுலாவில் அந்த மந்துக்கு மறுபடியும் போக வேண்டும் என்று எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் வேண்டியிருக்கிறோம். இம்முறை முதலில் பாட்டிக்கு வணக்கம் சொல்வோம், மன்னிப்பும் கேட்போம்.