கல்லில் ஏறாத கண்ணி

தென்பெண்ணைக் கரையின் நடுகற்களில் வில்லும் குறுவாளும் நாயும் புலியும் உண்டு. கண்ணி வைத்துக் கவுதாரி பிடிக்கும் காட்சி அவற்றில் இடம்பெறவில்லை. மூங்கில்துறைப்பட்டில் ஆற்றைக் கடந்து வடக்கே போனால் தண்டராம்பட்டு, செங்கம் வட்டாரம். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிக அடர்த்தியாகக் கிடைத்த பகுதிகளில் இதுவும் ஒன்று. தொல்லியல் துறை இவற்றைப் படியெடுத்து 'செங்கம் நடுகற்கள்' என்று 1972இல் நூலாகவே வெளியிட்டது.

இவற்றில் பெரும்பாலானவை ஆநிரைப் பூசலில் மாண்டவர்களுக்கு நட்டவை. எடுத்தனூர்க் கல் புகழ்பெற்றது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனுடன் அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வர்களைக் கடித்த செய்தியையும் கல்வெட்டு சொல்கிறது. வேட்டைக்குப் பழகிய நாய்தான் ஊர்க்காவலுக்கும் நின்றிருக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் வேட்டை நேராகவே கல்லுக்கு வந்துவிடுகிறது. புலியோடு பொருதவனுக்குப் புலிகுத்திக் கல், காட்டுப்பன்றியிடம் உயிர்விட்டவனுக்குப் பன்றிகுத்திப்பட்டான் கல்.

எதிர்த்து நின்று செத்தால்தான் கல். இந்த நியாயம் பறவைக்கும் பொருந்தியது: விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில், பொருது மடிந்த ஒரு சேவலுக்கே கல் எடுத்திருக்கிறார்கள். புதர் மறைவில் உட்கார்ந்து சுருக்கு வைப்பவனுக்கு அப்படி ஒரு சாவு வாய்ப்பதில்லை.

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்துச் செப்புத்தகட்டுப் படங்கள் இதற்கு நேர்மாறானவை. புரூஜ் நகரில் 1523இல் பிறந்து, புளோரன்ஸில் மெடிச்சிப் பிரபுக்களிடம் பணியாற்றிய ஓவியர் ஸ்ட்ராடானுஸ், முதலாம் கோசிமோவின் மாளிகைத் திரைச்சீலைகளுக்காக வேட்டைக் காட்சிகள் வரைந்தார். பின்னர் அவர் வரைந்த வேட்டைப் படங்களை ஆண்ட்வெர்ப்பில் பிலிப்ஸ் கல்லே செம்பில் செதுக்கி, 1578இல் தொகுப்பாக வெளியிட்டார். அது பிறகு 104 படங்களாக வளர்ந்தது. அதே 1578இல்தான் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறித்தவ நூல் தமிழில் அச்சேறியது. நம் பக்கம் அச்சு வேதத்தோடு தொடங்கியது, வேட்டைக்கு இடமில்லை.

செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கீறி, மை தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளையில் அழுத்தினால் படம். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். இந்தப் படங்கள் வீரனைவிட வித்தையைக் காட்டின. பகலில் ஆந்தையைக் கண்டால் சிறு பறவைகள் கூடி விரட்ட வரும், நம்மூர்க் கரிக்குருவி செய்வதுபோல. ஆந்தையைக் கட்டிவைத்து, சுற்றிலும் பசை தடவிய குச்சிகளை நட்டால் அவை வந்து ஒட்டிக்கொள்ளும். வலை எங்கே விரிகிறது, ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதெல்லாம் படத்தில் தெரியும்.

தமிழகத்தில் அதே தந்திரத்துக்குக் கவுதாரியே போதும். பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் முளையடித்துச் சுருக்குக் கயிற்றை நிறுத்துவார்கள். சுருக்கு அந்நாளில் குதிரைவால் முடி, பின்னாளில் நைலான். கூண்டுப் பறவை கத்தியதும், தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் நுழைந்துவிட்டதாக எண்ணிக் காட்டுக் கவுதாரி சண்டைக்கு ஓடிவரும். கண் கூண்டின் மேலேயே இருக்கும். கால் சுருக்கில் மாட்டும். கூண்டுப் பறவை இல்லாவிட்டால் வாயாலேயே அதன் குரலை எழுப்பி அழைக்கத் தெரிந்தவர்களும் உண்டு.

கல்லில் இல்லாத இந்தத் தொழில் பாட்டில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறவன் சிங்கனும் அவன் துணைவன் நூவனும் பறவைகள் வந்து மேய்வதைப் பார்த்துக் கண்ணி குத்தும் பகுதி நீளமானது. நாடகத்தில் சிரிப்புக்கும் அதுவே இடம். செப்புத்தகட்டுப் படம் பிரபுவின் பொழுதுபோக்காகக் காட்டியதை, குறவஞ்சி பிழைப்பாகக் காட்டுகிறது. அந்த வகையில் குறவஞ்சியே உண்மைக்கு நெருக்கம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கவுதாரியையோ காட்டுக் காடையையோ கண்ணி வைத்துப் பிடிப்பது குற்றம். சடங்காக நடத்தும் பாரி வேட்டைக்கும் விலக்கு கிடையாது. சாலையோரக் கடைகளில் பலகை வைத்து விற்கும் காடை வறுவல் பண்ணையில் வளரும் ஜப்பான் காடை.