உப்பளம் பார்க்கப் போனோம்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று மாமியார் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். போன வருஷம் என் வீட்டுக்காரருக்குத் தலைசுற்றல் வந்து, ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் தினமும் உப்புச் சண்டைதான். ஊறுகாய் ஜாடியை நான் ஒளித்து வைப்பேன், அவர் கண்டுபிடித்துவிடுவார்!

ஆரோவில் பார்க்கவேண்டும் என்று மகள் நச்சரித்தாள். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, திண்டிவனத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் நால்வரும் கிளம்பினோம். வழியில் மரக்காணத்தில் இறங்கி உப்பளம் பார்த்தோம்.

கண்ணுக்கெட்டிய வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர். உப்பு நீரைப் பாய்ச்சி, வெயிலில் சுண்டவிட்டு, பூத்த உப்பை நீண்ட கம்பில் பலகை பொருத்தி வாரிக் குவிக்கிறார்கள். அதைப் பெண்கள் தலைச்சுமையாய்க் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். வெறுங்கால்! பாதமெல்லாம் வெடிப்பு. குடிக்கத் தண்ணீர் கேட்ட ஒரு அம்மாளிடம் கூஜாவை நீட்டினேன்.

"வெயில் ஏறினா உப்பு மேல பட்டுக் கண்ணு கூசும்க்கா. அதான் இருட்டோட வந்துடுவோம்" என்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை நடைம்மா?" என்று இவர் கேட்டார்.

"எண்ணினா நடக்க முடியுமா, ஐயா?" என்று சிரித்தாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வேலையும் கிடையாதாம். இவர் அப்புறம் பேசவே இல்லை.

அங்கிருந்து பஸ்ஸில் பெரியமுதலியார்சாவடி வந்து, ஆட்டோ பிடித்து ஆரோவில் போனோம். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு போன்ற தாழியில் இட்டுத் துவக்கிய ஊர் இது. ஒரு காலத்தில் வெறும் செம்மண் பொட்டலாம். இன்று காடு போல நிழல்! இலவச அனுமதிச் சீட்டு வாங்கி, நடந்து போய், தங்க உருண்டையான மாத்ரிமந்திரைத் தூரத்திலிருந்து பார்த்தோம். உள்ளே போக முன்பதிவு வேண்டும்.

திரும்பும் வழியில் மரத்தடியில் சாப்பாடு. அரை உப்புப் புளியோதரையை இவர் முணுமுணுக்காமல் சாப்பிட்டார்! மாமியார் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சகோதரிகளே, ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டேன். பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம் எல்லாம் இதற்குள் அடக்கம். நான் வாங்கியதோ 2 கிலோ! அந்த 600 கிராமும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும்; கர்ப்பிணிகளுக்கும் வளரும் குழந்தையின் மூளைக்கும் அது அவசியம்.

அடுத்த வாரமே இவர் ஊறுகாய் கேட்டார். "அரைத் துண்டு போதும்" என்றார். அதுவே எனக்குப் பெரிய வெற்றி!